பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு சூப்பர்சார்ஜர்: காற்றை ஏற்றுமுன் போட வேண்டிய கணக்கு

அத்தியாயம் 9

வட்டக்கோட்டைப் பக்கம் கார் வைத்திருப்பவருக்கு உப்பையும் மணலையும் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூப்பர்சார்ஜர் போட நினைத்தால் அவற்றோடு மூன்றாவதாகச் சூடும் சேர்ந்துகொள்ளும். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அந்தச் சூட்டைப் பற்றியதுதான். சூப்பர்சார்ஜரை வாங்கி, பிராக்கெட் அடித்து, பெல்ட் மாட்டுவது நல்ல லேத்காரர் கிடைத்தால் பெரிய வித்தையே இல்லை. அமுக்கிய காற்றோடு வரும் சூட்டை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்று முன்கூட்டியே யோசிக்காதவர்தான் ஆறு மாதத்தில் இன்ஜினை இறக்குவார்.

அது செய்யும் வேலை

சாதாரண இன்ஜின் வெளிக்காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. கடல்மட்டத்தில் அந்தக் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, அதாவது 14.7 பிஎஸ்ஐ. அதற்கு மேல் இன்னும் 5 பிஎஸ்ஐ சேர்த்துக் காற்றை உள்ளே தள்ளினால், சிலிண்டருக்குள் காற்று கூடும், அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டிக் கொடுக்கலாம், இழுவை கூடும். இப்படித் தள்ளும் காற்றுப் பம்புதான் சூப்பர்சார்ஜர். டர்போவைச் சுழற்றுவது புகை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது கிராங்க் புல்லியிலிருந்து வரும் பெல்ட். அதனால் மிதித்த உடனே இழுக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தொட வேண்டியதில்லை. பழைய காருக்கு இது பொருந்துவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

மூன்று வகை உண்டு. முதலாவது ரூட்ஸ். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுபம்பு இது; கார் பிறப்பதற்கு முன்பே ஆலைகளில் காற்று ஊதிக்கொண்டிருந்தது. இரண்டு ரோட்டர்கள் எதிரெதிராகச் சுழன்று காற்றை அள்ளித் தள்ளும். குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை தரும், ஆனால் காற்றை அதிகம் சூடாக்கும். இரண்டாவது ட்வின் ஸ்க்ரூ. காற்றைத் தனக்குள்ளேயே அமுக்கி வெளிவிடும். சூடு குறைவு, விலை அதிகம். மூன்றாவது சென்ட்ரிஃபியூகல். உச்ச ஆர்பிஎம்மில்தான் முழு பூஸ்ட் தரும். நாகர்கோவில் நெரிசலிலும் நாற்கரச் சாலையிலும் மாறி மாறி ஓடும் சிறிய இன்ஜினுக்கு ரூட்ஸ் வகையே கைவசப்படும். அதனால் கீழே வரும் கணக்கெல்லாம் அதற்கானது.

பூஸ்ட் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் பென்ட்லியின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1929-30இல் டிம் பர்கின் முயற்சியில் நாலரை லிட்டர் பென்ட்லிக்கு சூப்பர்சார்ஜர் போட்டார்கள். நிறுவனத்தைத் தொடங்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அதில் உடன்பாடில்லை. 'புளோயர்' என்று பெயரெடுத்த அந்தக் கார் வேகச் சாதனை படைத்தது. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. 1929, 1930 இரண்டு ஆண்டும் அங்கே ஜெயித்தது சூப்பர்சார்ஜர் இல்லாத பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ்.

முதலில் சட்டம்

ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்சி புத்தகத்தை எடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம்தருகிறது. இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால், கிளெய்ம் தள்ளுபடியாக அதுவே காரணமாகலாம்.

வண்டிக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2021இல் வந்த வின்டேஜ் வாகன விதிப்படி, அசல் நிலையில் வைத்திருக்கும் வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு கிடைக்கும். அப்படிப்பட்ட காரில் கைவைக்காதீர்கள்.

ஆகவே இரண்டு வழிதான். ஒன்று, டிஎன் 74 வண்டியென்றால் நாகர்கோவில், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவது. கிடைக்காவிட்டால், பொதுச்சாலையில் ஓட்டாமல் டிரெய்லரில் ஏற்றிப்போய்ப் பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டும் காராக அதை வைத்துக்கொள்வது. இருங்காட்டுக்கோட்டையும் கோவைச் செட்டிபாளையத்துக் கரி ஸ்பீட்வேயும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. போட்டியில் இறங்குவதாக இருந்தால் வகுப்பையும் பாருங்கள். சர்வதேச விதியில் சூப்பர்சார்ஜர் போட்ட பெட்ரோல் இன்ஜினின் சிசியை 1.7ஆல் பெருக்குவார்கள். 1,149 சிசி கார் 1,953 சிசியாகி, இரண்டு லிட்டர்க் கார்களோடு மோத வேண்டிவரும்.

எந்தக் கார்?

இந்தியாவிலேயே தயாரான இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது சான் ஸ்டார்ம். 1990களின் கடைசியில் கோவாவில் தயாரானது. ஃபைபர் பாடி, ரெனோவின் 1,149 சிசி இன்ஜின், 60 குதிரைத்திறன். பாடி துருப்பிடிக்காது என்பது நம் கடலோரத்துக்குப் பெரிய வரம். அடிச்சட்டத்துக்கும் பிரேக் பைப்புக்கும் அந்த வரம் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் மச்சானோ அத்தானோ மஸ்தா எம்எக்ஸ்-5 வைத்திருந்தால் அவருக்கு வேலை எளிது. 1989இல் வந்த அந்தக் காருக்கு ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜரோடு பிராக்கெட், புல்லி எல்லாம் சேர்ந்த கிட்டே விற்றார்கள். நம்மூரில் ஒவ்வொன்றையும் செய்துதான் ஆக வேண்டும்.

இந்த அலைச்சலெல்லாம் வேண்டாம், சூப்பர்சார்ஜர் கார் ஓட்டிப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு மாற்று வழி இருக்கிறது. பின்புறம் 'கொம்ப்ரெசர்' என்று எழுதியிருக்கும் பழைய மெர்சிடிஸ் சி 200 போன்ற கார்கள் கம்பெனியிலேயே சூப்பர்சார்ஜரோடு வந்தவை. ஆர்சியில் வில்லங்கம் இல்லை.

உங்கள் இன்ஜின் தாங்குமா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்:

• கம்ப்ரஷன் டெஸ்ட்: சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் முதலில் ரிங்ஸ், வால்வு வேலையை முடியுங்கள்.
• லீக்டவுன் டெஸ்ட்: ஆயில் மூடி வழியே காற்று சீறினால் ரிங்ஸ் போயிருக்கிறது. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.
• கம்ப்ரஷன் ரேஷியோ: 9.5க்குள் இருந்தால் 5 பிஎஸ்ஐ ஏற்றலாம். 10.5க்கு மேல் என்றால் இந்த அத்தியாயத்தை இத்தோடு மூடிவிடுங்கள்.
• பிரேக், டயர், சஸ்பென்ஷன் புஷ்: இவை புதிதாகாமல் இன்ஜினுக்குச் செலவழிக்கக் கூடாது.

சூட்டுக் கணக்கு

வெளியே 35 டிகிரி செல்சியஸ். ரூட்ஸ் பம்பின் செயல்திறன் 55 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 5 பிஎஸ்ஐ ஏற்றினால் அழுத்தம் 1.34 மடங்கு ஆகிறது. அப்படியானால் காற்றும் 34 சதவீதம் கூடிவிட்டதா என்றால், இல்லை. பம்பிலிருந்து வெளிவரும் காற்று 84 டிகிரிக்குப் போய்விடும். சூடான காற்று விரியும். எடைக்கணக்கில் பார்த்தால் உண்மையில் கூடியது 16 சதவீதம்தான்.

இதே பம்புக்கு பானெட்டுக்குள் ரேடியேட்டர் பக்கத்திலிருந்து காற்றெடுத்தால் என்ன ஆகும்? அங்கே 60 டிகிரி சாதாரணம். வெளிவரும் காற்று 113 டிகிரி. லாபம் ஏழே சதவீதம். பம்பைச் சுழற்ற இன்ஜினிலிருந்து போகும் நாலைந்து குதிரையைக் கழித்தால் கைக்கு ஒன்றும் மிஞ்சாது. கூடவே அந்தச் சூட்டில் பெட்ரோல் முந்தி வெடித்து, நாக்கிங் தொடங்கும்.

இப்போது பம்புக்குப் பின்னால் ஒரு இன்டர்கூலர் வைத்து, காற்றை 50 டிகிரிக்கு இறக்குங்கள். அதே 5 பிஎஸ்ஐயில் லாபம் 28 சதவீதம். புல்லியை மாற்றவில்லை, பூஸ்ட்டைக் கூட்டவில்லை. சூட்டை இறக்கியதிலேயே கிடைத்தது அது. ஆகவே கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு இன்டர்கூலருக்கும் காற்று எடுக்கும் குழாய்க்கும் போக வேண்டும். பெரிய பம்புக்குப் போகக் கூடாது.

சிறிய கார்களில் இடம் கிடையாது. அதனால் நீரால் குளிரும் இன்டர்கூலர் வசதி: கையளவு கோர் இன்ஜின் பக்கத்தில், அதற்கென்று தனியாக ஒரு சின்ன ரேடியேட்டர் முன்பம்பருக்குப் பின்னால், நடுவே ஒரு மின்பம்பு. இன்ஜின் ரேடியேட்டர் தண்ணீரோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள். அந்தத் தண்ணீரே 90 டிகிரியில் ஓடுகிறது.

பைபாஸ் வால்வு அவசியம். கால் எடுத்து மெதுவாக ஓட்டும்போது இது திறந்து, காற்றைப் பம்பின் வாய்க்கே திருப்பிவிடும். இது இல்லாவிட்டால் வடசேரி சிக்னலில் நிற்கும்போதுகூட பம்பு காற்றைச் சும்மா அரைத்துச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

புல்லிக் கணக்கு

பூஸ்ட்டை முடிவுசெய்வது புல்லியின் விட்டம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுசாகக் காற்று குடிக்கும். 1,149 சிசி இன்ஜின் ஒரு சுற்றுக்கு 575 சிசி. 1.34 மடங்கு வேண்டுமானால் 770 சிசி தள்ள வேண்டும். ஒரு சுற்றுக்கு 500 சிசி தள்ளும் சின்னப் பம்பு என்றால், 770ஐ 500ஆல் வகுத்தால் 1.54. கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது பம்பு 1.54 சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் புல்லி 139 மில்லிமீட்டர் என்றால் பம்புப் புல்லி 90 மில்லிமீட்டர். இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது பம்பு 9,240இல் சுழலும். இந்த எண் பம்புத் தயாரிப்பாளர் கொடுத்த உச்சத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

இது முதல் கணக்குதான். ரோட்டர் கசிவு பூஸ்ட்டைக் குறைக்கும், சூடு கூட்டும். கடைசியில் கேஜ் காட்டுவதே உண்மை. அதனால் லேத்காரரிடம் முதலில் பெரிய புல்லியாகவே கடையச் சொல்லுங்கள். 90 என்று கணக்கு வந்தால் 95இல் தொடங்குங்கள். இந்த அளவில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ. சின்ன புல்லியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

பெல்ட் ஆறு ரிப் உள்ளதாக இருக்கட்டும். சின்ன புல்லியைப் பாதிச் சுற்றாவது அது தழுவ வேண்டும்; இல்லாவிட்டால் மேல் ஆர்பிஎம்மில் வழுக்கும். புல்லிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகல்கூடப் பெல்ட்டின் ஓரத்தைத் தின்றுவிடும்.

பெட்ரோலும் டைமிங்கும்

இப்போது சாதாரண பங்கில் கிடைப்பது இ20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். பூஸ்ட் போட்ட இன்ஜினுக்கு இதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. எத்தனால் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும், நாக்கிங்கைத் தள்ளிப்போடும். ஆனால் அதே காற்றுக்கு வெறும் பெட்ரோலைவிட ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ், டயாஃப்ரம், கார்ப்பரேட்டர் வாஷர் எல்லாம் அதில் ஊறிப் பிசுபிசுக்கும். டேங்கிலிருந்து இன்ஜெக்டர்வரை எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. தடத்தில் ஓட்டும் நாளில் எக்ஸ்பி95 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் போடுவது நல்லது.

கலவையை ஏர்-ஃபியூவல் ரேஷியோவாகப் பேசினால் இ20இல் குழப்பம் வரும். வெறும் பெட்ரோலுக்குச் சரியான அளவு 14.7; இ20க்கு ஏறக்குறைய 13.5. அதனால் அந்தந்தப் பெட்ரோலுக்குச் சரியான அளவை 1 என்று வைத்துக்கொள்ளும் லாம்டாவில் பேசுங்கள். முழு பூஸ்ட்டில் 0.80 முதல் 0.85 வரை. இதைக் காட்ட வைட்பேண்ட் சென்சார் வேண்டும். காரோடு வந்த பழைய ஆக்ஸிஜன் சென்சார் இதற்கு உதவாது.

இன்ஜெக்ஷன் காரில் மூன்று இடத்தைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரின் குழாய் மேனிஃபோல்டில் மாட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தமும் சேர்ந்து ஏறும். வெளிக்காற்று அழுத்தம்வரை மட்டுமே படிக்கும் மேப் சென்சாருக்கு பூஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு பார் வரை படிப்பதாக மாற்றி, அதற்கேற்ற இசியு போட வேண்டும். இன்ஜெக்டர் உச்சத்தில் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருந்தால் அது போதாது, பெரிதாக்குங்கள்.

கார்ப்பரேட்டர் கார் என்றால் 1950களிலேயே ஜட்சன், ஷாராக் பம்புகளில் கையாண்ட முறை இருக்கிறது: கார்ப்பரேட்டரைப் பம்புக்கு முன்னால் வைத்து, கலவையையே பம்புக்குள் இழுப்பது. பெட்ரோல் ஆவியாகிக் கொஞ்சம் குளிர்ச்சி தரும். ஆனால் இந்த முறையில் இன்டர்கூலர் வைக்கக் கூடாது. பெட்ரோல் அதில் தேங்கும். பேக்ஃபயர் ஆனால் திறந்துவிட மேனிஃபோல்டில் ஒரு ரிலீஃப் வால்வு கட்டாயம்.

டைமிங்கை பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி வீதம் பின்னுக்கு இழுத்துத் தொடங்குங்கள். பிளக் ஒரு படி கோல்டு ரகம், கேப் 0.7 மில்லிமீட்டர். கடைசி டியூனிங்கை நாற்கரச் சாலையில் ஓட்டிப்பார்த்துச் செய்யாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி முப்பந்தல் பக்கம் ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும் சாலையில், லேசான இரண்டு சீட் காரில், ஒரு கண் லேப்டாப்பில் என்றால் அது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவது. கோவைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோய் டைனோவில் ஏற்றுங்கள்.

வட்டக்கோட்டை மணல்

கோட்டைக்குக் கீழே கடற்கரையில் கருப்பு மணல் கிடக்கிறதே, அது வெறும் மண் அல்ல. இல்மனைட், கார்னெட், சிர்கான் கலந்த கனிம மணல். கார்னெட் உப்புத்தாள் செய்யும் சரக்கு. ரோட்டரோ அலுமினியம். ரோட்டருக்கும் கூட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு நுழையும் அளவுதான் இடைவெளி. அதற்குள் ஒரு மணல் போனால் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் காற்று பின்வாங்கும். பின்வாங்கும் காற்று இன்னும் சூடாகும்.

சென்னை புதுப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பழைய பம்பு நாகர்கோவில் ஒர்க்‌ஷாப் மேசையில் கிடந்தது. முன்மூடியைக் கழற்றிய மெக்கானிக், வாங்கி வந்தவரின் விரலைப் பிடித்து ரோட்டர் மேல் வைத்தார். “அண்ணாச்சி, தடவிப் பாருங்க. நகத்துல கோடு தட்டுதா? இது மண்ணு தின்ன ரோட்டரு. கோட்டிங்கும் உரிஞ்சுபோச்சு. ரேட்டு பேசாதீங்க, திருப்பிக் குடுத்துருங்க.” பிறகு தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துக் காட்டினார், பேரிங் கடகடத்தது. பழைய பம்பு வாங்குபவர் செய்ய வேண்டிய சோதனை இவ்வளவுதான்: நகம், அசைவு, கியர்ப் பெட்டி ஆயிலின் நிறம். கருத்து நாறினால் வேண்டாம்.

ஃபில்டருக்கு அடைத்த பெட்டியும் காகித எலிமென்ட்டும் வையுங்கள். பானெட்டுக்குள் திறந்து கிடக்கும் கோன் ஃபில்டர் பார்க்க அழகு. சூட்டையும் மணலையும் சேர்த்தே இழுக்கும். காற்றெடுக்கும் வாய் முன்கிரில்லில் உயரமான இடத்தில் இருக்கட்டும். பம்பருக்குக் கீழே வைத்தால் மணலும் வரும், மழைக்காலத்தில் தண்ணீரும் வரும்.

அடுத்தது உப்பு. அலுமினிய பிராக்கெட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால், உப்புக்காற்றில் இரண்டுக்கும் நடுவே அரிப்பு பிடித்து, போல்ட் கழலாமல் திருகு உடையும். மாட்டும்போதே ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் தடவுங்கள். சென்சார் கனெக்டர்களுக்கு டைஎலக்ட்ரிக் கிரீஸ். இன்டர்கூலர் ரேடியேட்டரின் துடுப்புகளை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். ஹை பிரஷர் வாட்டர் அடித்தால் துடுப்பு மடங்கிவிடும்.

பொருத்தும் வரிசை

1. பிரேக், டயர், கிளட்ச் பிளேட். இழுவை கூடியதும் பழைய கிளட்ச்தான் முதலில் வழுக்கும்.
2. இன்ஜின் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது ஹோஸ், கூலன்ட், மின்விசிறி.
3. எத்தனால் தாங்கும் பெட்ரோல் லைன், புதுப் பம்பு, ஃபில்டர்.
4. வைட்பேண்ட், பூஸ்ட் கேஜ், இன்டேக் வெப்ப சென்சார். இவற்றை சூப்பர்சார்ஜர் வருவதற்கு முன்பே மாட்டிச் சில நாள் ஓட்டி, பழைய எண்களைக் குறித்துவையுங்கள்.
5. இசியு, இன்ஜெக்டர். பூஸ்ட் இல்லாமலே கார் ஒழுங்காக ஓடும்வரை இங்கேயே நில்லுங்கள்.
6. இன்டர்கூலர், அதன் ரேடியேட்டர், மின்பம்பு.
7. பிரேக் பூஸ்டர் குழாயிலும் கிராங்க்கேஸ் பிசிவி குழாயிலும் ஒருவழி வால்வு. மறந்தால் பூஸ்ட் ஆயில் சம்புக்குள் புகுந்து சீல்களைத் தள்ளிவிடும்.
8. சூப்பர்சார்ஜர், பிராக்கெட், பெரிய புல்லி, பெல்ட்.
9. டைனோ.

இந்த வரிசையில் எந்தக் கட்டத்தில் பணம் தீர்ந்தாலும் கார் முன்பைவிட நல்ல நிலையில்தான் இருக்கும். தலைகீழாகத் தொடங்கினால், பாதியில் நின்ற கார் ஷெட்டில் துருப்பிடிக்கும்.

ஓட்டத் தொடங்கியபின்

முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழுசாக மிதிக்காதீர்கள். பெல்ட் இளகும், இறுக்கிப் பாருங்கள். இன்டேக் வெப்பம் 65 டிகிரியைத் தாண்டினால் காலை எடுங்கள். இசியுவிலேயே அந்த எல்லையைப் போட்டு, தாண்டினால் டைமிங்கைத் தானே பின்னிழுக்கும்படி செய்துவிட்டால் இன்னும் நல்லது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது தகரத்தில் சரளைக்கல் விழுவதுபோல் சத்தம் கேட்டால் அது நாக்கிங். அங்கேயே காலை எடுத்து, மெதுவாக வீடு சேர்ந்து, பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பீங்கானில் வெள்ளியாய்ச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். டியூனர் பார்க்கும்வரை பெல்ட்டைக் கழற்றிவையுங்கள்.

இன்ஜின் ஆயிலைக் கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் பாதிக்கே மாற்றுங்கள். காற்று ஃபில்டரை ஆனி, ஆடி மாதங்களில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் பெல்ட்டைத் தளர்த்திவிடுங்கள். புல்லியில் துரு படிந்திருந்தால் மெல்லிய எமரித் தாளால் தேய்த்துச் சுத்தம் செய்தபிறகே மறுபடி மாட்டுங்கள்.

சான் ஸ்டார்ம் போன்ற 60 குதிரைக் காரில் இவ்வளவும் செய்து 75ஐத் தொட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கழற்றிய அசல் மேனிஃபோல்ட், இசியு, இன்ஜெக்டர், ஏர் பெட்டி எல்லாவற்றையும் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பெயர் எழுதி அட்டைப்பெட்டியில் வையுங்கள். நாளை ஆர்சி புதுப்பிக்கவோ காரை விற்கவோ போகும்போது, அசலுக்குத் திருப்ப முடிகிற காருக்குத்தான் நல்ல விலையும் சீக்கிரம் கையெழுத்தும் கிடைக்கும்.